கறிக்கட்டைக் கணக்கு

கறிக்கடைக்காரிக்கு நாட்காட்டியெல்லாம் கிடையாது. கறிக்கட்டையின் ஓரத்தில் நாளுக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். கடை கொழுந்தனுக்கே என்று தீர்ப்பு வந்த அன்றே நகல் கேட்டு எழுதிக்கொடுத்திருந்தாள். நகல் தன் கைக்கு வந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டு கீறிவந்தாள். பதினைந்து கீறல் ஆகியிருந்தது. பாதி நாள் பாக்கி என்ற தெம்பில் அன்று காலைதான் வக்கீல் குமாஸ்தாவிடம் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மூன்றரை மணிக்குக் குமாஸ்தா போனில் கத்தினார்.

"ஏம்மா, கடைசிப் பக்கத்துக்குப் பின்னால இருக்கற முத்திரையைப் பாத்தியா இல்லையா? நகல் தயாரான தேதின்னு ஒண்ணு போட்டிருக்கே! நீ போய் வாங்கினது அதுக்குப் பதினஞ்சு நாள் கழிச்சு. கோர்ட்டு தயாரான நாள்லேருந்துதான் எண்ணும். இன்னைக்கு முப்பது. அஞ்சு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போடு. இல்லன்னா கடையை மறந்துடு."

கையிலிருந்த கத்தியைக் கட்டையில் போட்டாள். புருஷன் செத்தபின் பதினோரு வருஷம் ஒற்றை ஆளாக ஆடு உரித்துத் தூக்கி நிறுத்திய கடை அது.

மேலங்கியை அவிழ்ப்பதற்குள் கொழுந்தன் வந்தான். வந்ததும் வராததுமாகத் தராசை எட்டி உதைத்தான். கண்ணாடிப் பெட்டியை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கினான். தடுக்கப் போனவளின் முடியைப் பிடித்து, முகத்தைக் கறிக்கட்டையில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் கீறல்களுக்குள் இறங்கியது.

கட்டையில் கிடந்த வெட்டுக்கத்தி அவள் கைக்கு வந்துவிட்டது. ஒரு வீச்சு போதும். எலும்பு எங்கே விட்டுக்கொடுக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? கையை ஓங்கியும் விட்டாள்.

"வெட்டுங்க அண்ணி! தைரியம் இருந்தா வெட்டுங்க!" என்று கழுத்தை நீட்டினான் அந்தப் புண்ணியவான். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்வந்தது. வாசலில் அவன் கூட்டாளி செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தேதியை இவன் சரியாக எண்ணியிருக்கிறான். அஞ்சு மணிக்கு அவள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தால் போதும், கடை அவனுக்கு.

கத்தியைக் கட்டையில் கொத்திவிட்டு நடந்தாள். பின்னாலிருந்து தோளில் கம்பி விழுந்தது. மறுபடியும் விழுந்தது. திரும்பினால் கொன்றே போட்டுவிடுவோம் என்று பயந்து அவள் திரும்பவில்லை. ஆட்டோவில் ஏறியபிறகு ஆத்திரம் தாங்காமல் அழுதாள்.

கோர்ட்டில் மனு வாங்கும் ஜன்னலுக்கு எதிரே காத்திருந்த குமாஸ்தா அவள் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"ஐயையோ, யாரும்மா அடிச்சது?"

"அதை அப்புறம் சொல்றேன். எங்க போடணும்?"

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் முத்திரை விழுந்தது. இந்தத் தடவை தேதியை அவளே இரண்டு முறை படித்தாள்.

"அண்ணே, அடிச்சதுக்குப் புகார் குடுக்க எத்தனை நாள் கெடு?"

"அதுக்கெல்லாம் நாள் இருக்கும்மா. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ."

"நாள் இருக்குன்னு ஒரு தடவை நெனச்சது போதும்ணே. அவங்களே படம் பிடிச்சு வச்சிருக்காங்க. அதை அழிக்கறதுக்குள்ள போகணும். ஸ்டேஷன் எந்தப் பக்கம்?"