அறுநூற்றுப் பதினொரு ஓட்டு

சபையில் அவளை மாட்டு டாக்டர் என்றுதான் கேலி செய்வார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, சொந்தக் கட்சிக்காரர்களும்தான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பதினெட்டு வருடம் ஆடு மாடுகளுக்கும் நாய்களுக்கும் வைத்தியம் பார்த்தவள். முதல் தடவை தேர்தலில் நின்று, அறுநூற்றுப் பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து ஆளுங்கட்சி வரிசையில் வந்து உட்கார்ந்தவள்.

அந்தத் தேர்தலுக்கு முந்தின நாள் பல தொகுதிகளில் மக்களின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. ‘உங்கள் வாக்குச்சாவடி மாற்றப்பட்டுள்ளது’ என்று சொல்லி, கீழே வேறொரு முகவரி கொடுத்திருந்தார்கள். நம்பிப் போனவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். கடல் கடந்த நாடு ஒன்றிலிருந்த ஒரு கம்பெனிதான் அதை அனுப்பியது என்றும், கம்பெனிக்குப் பின்னால் இருந்தது அந்த நாட்டு அரசாங்கமே என்றும் பிற்பாடு தெரிந்தது. யார் ஆட்சிக்கு வந்தால் துறைமுகம் தங்கள் கைக்கு வரும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

விசாரிக்க ஒன்பது பேர் கொண்ட குழு போட்டார்கள். ஆளுங்கட்சியில் ஐந்து பேர், எதிர்க்கட்சியில் நான்கு பேர். தலைவர் ஆளுங்கட்சியின் பழைய வக்கீல். டாக்டரையும் குழுவில் சேர்த்ததற்கு அவர் சொன்ன காரணம் சபை முழுக்கப் பரவியிருந்தது: “வாயில்லா ஜீவன்களோட பழகினவங்க. அதிகம் பேச மாட்டாங்க.”

குழுவின் காகிதங்களை வெளியே எடுத்துப் போக முடியாது. ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து படிக்க வேண்டும். போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும். பென்சிலுக்கு மட்டும் அனுமதி. மற்றவர்கள் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் நான்கு நாள் மத்தியானம் அங்கே உட்கார்ந்து, பின்னிணைப்பு நான்கைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். அந்தக் கம்பெனியிடமிருந்து கைப்பற்றிய தொலைபேசி எண் பட்டியல் அது. அவளுடைய தொகுதியில் மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம் எண்கள்.

நான்காம் நாள் ஒரு வரியில் அவள் பென்சில் நின்றுவிட்டது. எண், அவளுடைய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கம்பவுண்டர் அம்மாவுடையது. அந்தம்மா எதிர்க்கட்சி என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. ‘ஊசி அக்கா’ என்று இருந்தது.

உலகத்திலேயே ஒருத்தர்தான் அந்தம்மாவை அப்படிக் கூப்பிடுவார். டாக்டரின் அண்ணன். கட்சியின் பகுதிச் செயலாளர். வீடு வீடாக ஏறி இறங்கி, எது நம் ஓட்டு, எது அவர்கள் ஓட்டு என்று நோட்டில் குறித்தவர். தங்கையை ஜெயிக்க வைத்தவர்.

அவள் நேராக அண்ணனின் பெயிண்ட் கடைக்குப் போனாள். கலவை மெஷின் டின்னைக் குலுக்கிக்கொண்டு கடகடவென்று ஓடியது. அவளே போய் அதை நிறுத்தினாள்.

“அண்ணா, நம்ம நோட்டை யாருக்குக் குடுத்த?”

“எந்த நோட்டு?”

“ஊசி அக்கான்னு எழுதின நோட்டு.”

அண்ணன் கையிலிருந்த துணியில் விரல்களைத் துடைத்தார். பெயிண்ட் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அமைப்புச் செயலாளர் கேட்டாரு. குடுத்தேன். கட்சி கேட்டா எதுக்குன்னா கேப்பாங்க?”

“வெளிநாட்டுக்குப் போகும்னு தெரியுமா?”

“சத்தியமா தெரியாது.” “ஓட்டுப் போடற அன்னிக்கு மத்தியானம் புரிஞ்சுது. அவங்க ஓட்டுன்னு நான் டிக் அடிச்ச வீட்டு ஆளுங்கதான் பூட்டின கதவைப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டிருந்தாங்க.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“நீ ஜெயிச்சிட்டிருந்த.”

அவளுக்குக் கோபம் அண்ணன் மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்கக்கூட முடியவில்லை. வெற்றி ஊர்வலத்தில் மாலையோடு நின்றது, கை வலிக்க வலிக்கக் கும்பிட்டது எல்லாம் நினைவுக்கு வந்தது.

“குழுவுல வந்து சொல்லு.”

“கூடப் பொறந்தவனை மாட்டிவிடப் போறியா?”

“உன் பேரை நான் சொல்லித்தான் ஆகணும், அண்ணா. நீயே வந்தா, யார் கேட்டு வாங்கினாங்கன்னும் சேர்த்துச் சொல்லலாம். வரலைன்னா எல்லாப் பழியும் உன் தலையோட நின்னுடும். அவங்க கையைக் கழுவிட்டுப் போயிடுவாங்க.”

அண்ணன் மெஷினை மறுபடி ஓடவிட்டார்.

மறுவாரம் குழு கூடியது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாட்டின் பாதுகாப்பைக் கருதிப் பின்னிணைப்பு நான்கை அறிக்கையிலிருந்து நீக்கிவிடலாம் என்றார். எதிர்க்கட்சியில் கணீர்க் குரலுக்காக ‘வெண்கலம்’ என்று பட்டப்பெயர் வாங்கிய உறுப்பினர் எழுந்து கத்தினார். ஆளுங்கட்சிக்காரர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். தினமும் நடப்பதுதான்.

டாக்டர் கை தூக்கினாள்.

“ஒரு விஷயம் பதிவாகணும். அந்த லிஸ்ட்ல என் தொகுதிப் பகுதி என் சொந்த அண்ணன் எழுதினது. நம்ம கட்சி ஆபீஸ் வழியாத்தான் வெளியே போயிருக்கு. அதனால பலன் அடைஞ்சவ நான். இதைக் கேட்டப்புறம் நான் ஓட்டுப் போடக் கூடாதுன்னு யாராவது சொன்னா எழுந்து போயிடறேன்.”

தலைவருக்கு முகம் வெளிறிப்போனது. அவளைப் போகச் சொன்னால் நாலுக்கு நாலு. சமமாக நின்றால் தலைவருக்கு என்று இருக்கும் விசேஷ ஓட்டைப் போட்டுப் பட்டியலை மறைத்துவிடலாம். ஆனால் ஏன் அனுப்பினீர்கள் என்று நாளைக்கே ஊர் கேட்கும். அவர் போகச் சொல்லவில்லை. வெண்கலம் மேஜையைத் தட்டி, “சபாஷ்!” என்றார்.

“உங்களுக்கும் ஒண்ணு இருக்குங்க,” என்றாள் அவள். “போன ஆட்சியில, நீங்க மந்திரியா இருந்தப்போ, இப்படி நடக்கலாம்னு தேர்தல் ஆணையம் எச்சரிச்சுக் கடிதம் எழுதியிருக்கு. பதினாலு மாசம் உங்க மேஜையில கெடந்திருக்கு. அதையும் பின்னிணைப்பா சேர்க்கணும்.”

“அது பழைய கதைம்மா. இப்போ எதுக்கு?”

“கதவைத் திறந்து போட்டவங்க ஒரு பக்கம், உள்ளே கூட்டிட்டு வந்தவங்க ஒரு பக்கம். ரெண்டும் எழுதலைன்னா அறிக்கைன்னு பேரு வைக்காதீங்க.”

பட்டியல் ஐந்துக்கு நான்கு என்று அறிக்கையில் நின்றது. கடிதத்தைச் சேர்க்க ஆளுங்கட்சிக்காரர்கள் குஷியாகக் கை தூக்கினார்கள். வெளியே வரும்போது இரண்டு தரப்பும் அவளைப் பார்க்காமல் நடந்தன. தாழ்வாரத்தில் தலைவர் மட்டும் பக்கத்தில் வந்து, “அடுத்த தேர்தல்ல உங்களுக்கு சீட் கிடையாது, தெரியும்ல?” என்றார்.

“அதுவரைக்கும் எதுக்குங்க காத்திருக்கணும்?” என்றாள்.

சாட்சி சொல்ல அண்ணனுக்கு அழைப்பு போயிருந்தது. வருவாரா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அண்ணன் வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. சாட்சிக்குக் குறித்த நாள் காலை பத்து மணிக்கு அவர் அண்ணியோடு வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் அந்த நோட்டு. இரண்டு மணி நேரம் பேசினார். அமைப்புச் செயலாளரின் பெயரை மூன்று தடவை சொன்னார். ‘தெரிந்த பிறகும் ஏன் மறைத்தீர்கள்’ என்ற கேள்விக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, “தப்புதான்,” என்றார். தங்கை இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

அறிக்கை சபைக்குப் போன அன்றே அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். செய்தி கிடைத்தவர்கள் இரண்டாயிரம் பேர், தன் வித்தியாசம் அறுநூற்றுப் பதினொன்று. அந்த நாற்காலி தன்னுடையதா என்று தனக்கே தெரியவில்லை, மறுபடி கேட்டுவிடலாம் என்று நாலே வரியில் எழுதியிருந்தாள்.

இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்றாள். ஒரு கட்சி அவளைத் துரோகி என்றது, இன்னொன்று நாடகக்காரி என்றது. மூன்றாவது இடம்தான் கிடைத்தது. முதல் தேர்தலில் தோற்ற எதிர்க்கட்சிக்காரர் ஏழாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவருக்குக் கை கொடுத்துவிட்டு, “வெளிநாட்டுக் குறுஞ்செய்தியைத் தடுக்கற சட்டத்தை எப்போ கொண்டு வர்றீங்க?” என்று கேட்டாள். “ஆகட்டும் டாக்டர், பாக்கலாம்,” என்றார் அவர்.

பார்க்கலாம் என்றதை அவள் விடவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆஸ்பத்திரியைத் திறப்பதற்கு முன்னால் அவர் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அமைப்புச் செயலாளர் மேல் வழக்கு நடந்தது. அண்ணன் மேலும் அதில் குற்றம் சாட்டியிருந்தார்கள். ஆறு மாதம் அவர் அவளோடு பேசவில்லை. ஒருநாள் அவரே போன் பண்ணி, “கோர்ட்டுக்கு நாளைக்கு நீயும் வர்றியா?” என்றார். அவள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பதினோராவது மாதம் மசோதா நிறைவேறியது. இரண்டு கட்சியும் ஆதரித்தன. இரண்டும் தங்களால்தான் வந்தது என்று சொல்லிக்கொண்டன. அவள் பேரை யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை, சட்டம் எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்று கேட்டு சபைச் செயலகத்துக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு, வேலைக்குக் கிளம்பினாள்.