ஏழுக்கு முன் நூற்றுநான்கு

"எங்கட அப்பாட்ட நீங்கள் மன்னிப்புக் கேக்கோணும். இஞ்ச இல்லை. சபையில, எல்லாருக்கும் முன்னால."

நிரோஜா இதைச் சொன்னபோது சின்னராசா தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கோப்பை பாதிவழியில் நின்றது. பக்கத்து மேசையில் கணினியைத் தட்டிக்கொண்டிருந்த சாரங்காவின் விரல்களும் நின்றன. மேலே மின்விசிறி மட்டும் தன்பாட்டில் கடகடத்துக்கொண்டிருந்தது.

இதை மட்டும் கேட்காதே என்றுதான் காலையில் படலை வரை வந்து அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். "எது வேணும்னாலும் பேசு கண்ணு. மன்னிப்புக் கேளுங்கன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிறாத. நாளைக்கும் அவுங்க மதகுல வர்ற தண்ணிதான் நமக்கு." அம்மா வடிவம்மா சோற்றுப் பெட்டியை நீட்டியபடி அதற்குத் தலையாட்டினாள். குடும்பத்தில் முதல்முதல் பட்டம் எடுத்தவளுக்கு அந்த வீட்டில் கிடைத்த புத்திமதி அதுதான். படிக்கப் போகுமுன்பும் அதைத்தான் சொன்னார்கள். படித்து முடித்த பின்பும் அதையே சொன்னார்கள்.

சின்னராசா கோப்பையைக் கீழே வைத்தார். புளியடி வாய்க்காலில் வயல் செய்கிறவர்களின் சபையான கமக்காரர் அமைப்பின் தலைவர் அவர். எதிர்த்துக் கேட்க ஆளில்லாததால் வருடாவருடம் அவரே தலைவர். அவருடைய தகப்பன் குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்து காடு வெட்டிக் காணி எடுத்தவர். அந்தக் கதையை அவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார். நிரோஜாவின் தாத்தா தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, அதே காட்டின் மிச்சத்தைக் கூலிக்கு வெட்டியவர். அந்தக் கதையை எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் சொன்னதில்லை.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"உங்களுக்குக் கேட்டதுதான் ஐயா."

சின்னராசாவின் மகன் கோகுலன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கிளிநொச்சி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்த இந்த மென்பொருள் கம்பனி அவனுடையது. நிரோஜாவுக்கு அவன்தான் முதலாளி.

"நிரோஜா, ஆரோட கதைக்கிறாய் எண்டு தெரிஞ்சு கதை."

"தெரிஞ்சுதான் அண்ணா கதைக்கிறன். தெரியாட்டி இன்னும் மரியாதையாக் கதைச்சிருப்பன்."

சாரங்கா இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள்.

குளத்தில் தண்ணீர் குறைந்த சிறுபோகம் இது, கோடைப் பயிர்க்காலம். அப்படியான போகங்களில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள்: காணி இலக்கப்படி, குளத்துப் பக்கத் தலைப்பிலிருந்து ஒவ்வொருவராக. முன்பு ஒரு காவலாளி சைக்கிளில் போய் உன் முறை வந்துவிட்டது என்று கத்திவிட்டு வருவார். இந்தமுறை கோகுலன் அதற்கு ஓர் இணையத்தளம் செய்து தருகிறேன் என்றான். செய்தவள் நிரோஜா. யாருடைய முறையோ அவருடைய தொலைபேசிக்கு மட்டும் செய்தி போகும். அவர் போய்த் தன் காணிக்குத் தண்ணீர் பாயும் வாயைத் திறக்கவேண்டும். ஒழுங்கு முழுவதையும் பார்க்கிறவர் ஒருவருமில்லை.

முதல் முறையிலேயே தண்ணீர் கிறுக்குப் பிடித்தது. ஒன்றாம் காணிக்குப் போனது. அடுத்ததாகப் பத்தாம் காணிக்குப் போனது. அதற்கடுத்து, கேட்பாரில்லாமல், வாய்க்காலின் கடைசிக்கு ஓடியது. அங்கேதான் நூறுக்கு மேற்பட்ட இலக்கங்கள் எல்லாம் இருந்தன. அங்கேதான் மலையகத்திலிருந்து வந்த சனமும் இருந்தது. நூற்றுநான்காம் காணிக்காரரான அவளுடைய அப்பா பரமேஸ்வரனின் தொலைபேசி மத்தியானம் அடித்தது. தலைப்பில் மிஞ்சினால் கடைசிக்கு வரும் என்பதுதான் அவர் அறிந்த வழக்கம். என்றாலும் செய்தி மகள் எழுதியது. மகள் எழுதியது பிழைக்காது என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாய் திறந்தார். அதே வேளையில் ஏழாம் காணியில், சின்னராசாவின், கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்து நெல், வெடித்த நிலத்தில் நின்று கருகிக்கொண்டிருந்தது.

சபை கூடியது. ஆர் அந்த மெசினை எழுதினது என்று ஒருவர் கேட்டார். பரமேஸ்வரன்ர பெட்டை என்றார் இன்னொருவர். அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை. "தோட்டக்காட்டுப் புத்தி எங்க போகும்? தண்ணி களவெடுக்கத்தான் பெட்டையைப் படிப்பிச்சவன்," என்றார் சின்னராசா, பரமேஸ்வரனின் முகத்துக்கு நேரே. இந்தப் போகம் முழுக்க அவருக்கு முறை இல்லை என்று தீர்த்தார்கள். தீர்த்ததோடு விடவில்லை. வரம்பில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய கையாலேயே அவருடைய காணி வாயை மண் போட்டு அடைக்கவைத்தார்கள்.

அப்பா வீட்டில் இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிணற்றடியில் வெகுநேரம் கை கழுவினார். நிரோஜாவுக்குச் சொன்னது பக்கத்துக் காணி சுப்பம்மா.

"இஞ்ச பாருங்கோ ஐயா," என்று நிரோஜா இப்போது தன் திரையைச் சின்னராசாவின் பக்கம் திருப்பினாள். "இந்த வரியில இருந்தது நான் எழுதினது இல்லை. கோகுலன் அண்ணா, ஆர் மாத்தினது?"

கோகுலன் தோளைக் குலுக்கினான். "நான்தான். தேவையில்லாமல் நீட்டி வைச்சிருந்தனீ. இலக்கங்களை ஒழுங்குபடுத்த சோர்ட் எண்டு ஜாவாஸ்கிரிப்டிலயே இருக்குத்தானே. வெறும் அடைப்புக்குறி போட்டாக் காணும். டெஸ்ட் பண்ணிப் பாத்தனான், வடிவா வேலை செய்தது."

"என்ன இலக்கம் போட்டுப் பாத்தனீங்கள்?"

"எங்கட காணியள்தான். ஒண்டில இருந்து ஒம்பது மட்டும்."

அவள் மனதுக்குள் எண்ணினாள். ஒன்றிலிருந்து ஒன்பது. சித்தப்பா, மாமா, தகப்பன், தகப்பனின் மைத்துனன். இவனுக்கு வாய்க்கால் ஒன்பதோடு முடிந்துவிடுகிறது. பத்தாம் காணிக்காரனின் நினைப்பு ஒருதரம் வந்திருந்தால் போதும், பிழை அந்த இடத்திலேயே பல்லைக் காட்டியிருக்கும். நூறு வரை யோசிக்கக்கூடத் தேவையில்லை.

"ஐயா, ஒரு இலக்கம் சொல்லுங்கோ."

"ஏழு," என்றார் சின்னராசா யோசிக்காமல்.

அவள் உலாவியில் வெற்றிடமொன்றைத் திறந்து, ஏழு, பத்து, இருபது, நூற்றுநான்கு, ஒன்று என்று கண்டபடி அடித்துப் பின்னால் சோர்ட் போட்டாள். திரை சொன்னது: ஒன்று, பத்து, நூற்றுநான்கு, இருபது, ஏழு.

"இதுக்கு இலக்கம் விளங்காது ஐயா. நீங்கள் சொல்லிக் குடுக்காட்டி எல்லாத்தையும் எழுத்து மாதிரித்தான் பாக்கும். ஒண்டில துவங்கிறதெல்லாம் முதல், இரண்டில துவங்கிறதெல்லாம் பிறகு. நூற்றிநாலும் ஒண்டிலதான் துவங்குது. ஒரு இலக்கத்தில இருந்து மற்றதைக் கழிச்சுப் பார், சின்னதை முன்னுக்கு விடு எண்டு அடைப்புக்குறிக்குள்ள சொல்லவேணும். நான் சொல்லி வைச்சிருந்தனான். உங்கட மகன் அதை நீட்டல் எண்டு வெட்டிப்போட்டார்."

தான் எழுதியதை மறுபடி போட்டுக் காட்டினாள். ஒன்று, ஏழு, பத்து, இருபது, நூற்றுநான்கு.

சின்னராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மனிதர் மொக்கர் இல்லை.

"அப்ப ஏழுக்கு முதல் அறுபதுகளும் வரும்?"

"ஓம். ஏழுக்குப் பிறகுதான் எழுபதுகள். நீங்கள் கொஞ்சம் அதிர்ஷ்டக்காரர் ஐயா. ஒம்பதாம் காணி இன்னும் கரைச்சல்."

அவர் மகனைப் பார்த்தார். கோகுலன் யன்னலைப் பார்த்தான்.

"அப்ப உன்ர கொப்பன் களவெடுக்கேல்லை," என்றார் சின்னராசா மெல்ல.

ஒரு மூச்சு நேரம் நிரோஜா நம்பினாள். இந்த மனிதர் எழும்புவார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வா பிள்ளை சபைக்குப் போவம் என்பார் என்று உண்மையாகவே நம்பினாள். பிறகு வாழ்நாள் முழுவதும் தன்மீதே அவளுக்கு எரிச்சல் வரப்போவது அந்த ஒரு மூச்சை நினைத்துத்தான்.

"சரி, உதை உதோட விடுவம்," என்றார் அவர். "சபையில போய் என்ர மகன்தான் பிழை விட்டவன் எண்டு என்னண்டு சொல்லுறது? மற்ற வாய்க்கால்காரரும் இவனிட்டத்தான் வேலை குடுக்கப்போகினம். உங்கட ஆக்கள் உதுகளைப் பெரிசா எடுக்க மாட்டினம். அடுத்த போகம் ஒருத்தருக்கும் ஞாபகமிராது."

"எங்கட ஆக்களுக்கு ஞாபகமிருக்கும் ஐயா. நாங்கள் சத்தமாச் சொல்லுறேல்லை, அவ்வளவுதான்."

"வாய் காட்டாதை பிள்ளை. பொறு."

அவர் தன் தொலைபேசியை எடுத்து அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். நிரோஜாவைக் கேட்கவில்லை. மறுமுனையில் அப்பாவின் குரல் வந்தது. பின்னால் கோழிச் சத்தம்.

"பரமேஸ்வரன், நான் சின்னராசா. உன்ர விசயம் பாத்தன். மெசின் பிழைதான். நாளைக்கு விடியவே உன்ர காணிக்குத் தண்ணி விடச் சொல்லுறன். சரியோ?"

"சரிங்க ஐயா. ரொம்ப நன்றிங்க ஐயா."

"கூட்டத்தில கதைச்சதுகளை மனசில வைச்சிருக்காதை."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஐயா, புள்ள அங்கிட்டுத்தான் இருக்கா? ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா சின்னப் புள்ளன்னு மன்னிச்சிருங்க."

சாரங்கா குனிந்து மேசையைப் பார்த்தாள். கோகுலனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ள அவன் பெரிதாக முயலவுமில்லை.

நிரோஜாவுக்கு அப்போது எழுந்த கோபம் சின்னராசாவின் மீது மட்டுமல்ல. அந்த நன்றிங்க ஐயா மீதும் எழுந்தது. மண் போட்டு அடைத்த கையாலேயே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, கேட்கவேண்டிய மன்னிப்பை எதிர்ப்பக்கமாகக் கேட்டுவிட்டு, இனி எல்லாம் சரி என்று கோழிக்குத் தீன் போடப் போய்விடுவாரே, அந்த நிம்மதி மீதும் எழுந்தது. அப்பாவை இழுத்து உலுப்பவேண்டும் போலிருந்தது. அவரைக் கட்டிப்பிடித்துக் குளறி அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன.

சின்னராசா அழைப்பைத் துண்டித்தார். "முடிஞ்சுது. கொப்பனே சரி எண்டிட்டான். இனி நீ ஏன் துள்ளுறாய்?"

"நாளைக்கு விடிய ஆற்ற முறை ஐயா?"

"ஆ?"

"இப்ப வாய்க்காலில தண்ணி ஆற்ற காணிக்கு நிக்குது? நாளைக்கு ஆருக்குப் போகவேணும்?"

சின்னராசா கோப்பையை எடுத்து ஆறிய தேத்தண்ணியைக் குடித்தார். அவருக்குத் தெரியும். முப்பதாம் காணி ரஜிதாவுக்கு. புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு கமம் செய்கிறவள்.

"ரஜிதா அக்காவின்ர தண்ணியை வெட்டி அப்பாக்கு விடப்போறியள். ஆருக்கும் தெரியாமல், விடியப்பறம். இதுதான் ஐயா களவு. அப்பா செய்யாததைச் செய்தார் எண்டு சொன்னியள். இப்ப நீங்களே அவரைக் கொண்டு செய்விக்கிறியள். நாளைக்கு ஆரும் கேட்டா, பாத்தியளோ நான் அப்பவே சொன்னனான் எண்டு சொல்லவும் வசதி."

"நன்மை செய்யப் போனா உப்பிடித்தான்," என்றார் சின்னராசா கோகுலனிடம். "நான் அப்பவே சொன்னனான், உதுகளை வேலைக்கு எடாதை எண்டு."

"நிரோஜா, கதையை விடு," என்றான் கோகுலன். "உன்னை இதுக்குப் பொறுப்பா விடுறன். மற்ற வாய்க்கால் எல்லாத்துக்கும் நீதான் மேல. சம்பளமும் பாத்துச் செய்யலாம். நீ செய்யவேண்டியது ஒண்டுதான். இண்டைக்குப் பின்னேரம் கூட்டத்தில மெசின் பிழை எண்டு மட்டும் சொல்லு."

"மெசின் பிழைக்கேல்லை அண்ணா. அதுக்குச் சொன்னதை அது அப்பிடியே செய்தது."

அவள் திரையில் இரண்டு சாளரங்களை மூடினாள். திருத்திய வரியைக் காலையில், இவர்கள் வந்து சேருமுன்பே, தளத்தில் ஏற்றிவிட்டிருந்தாள். சபை தடையை எடுத்தாலும், அதன்படி நூற்றுநான்காம் காணிக்கு முறை வர இன்னும் நெடுநாள் செல்லும். அதுவரைக்கும் குளத்தில் தண்ணீர் நிற்குமா என்பது அவளுக்குத் தெரியாது. நிற்காமல் போனால் அப்பாவின் பயிர் போகும். அப்பா அதற்காக அவளோடு எத்தனை நாள் கதைக்காமல் இருப்பாரோ. அதையும் நினைத்துவிட்டுத்தான் ஏற்றினாள்.

"லப்டொப் கம்பனியின்ர," என்றான் கோகுலன், அவள் கைப்பையை எடுப்பதைக் கண்டதும். "அதை இஞ்ச வைச்சிட்டுப் போ. சபையில வெறுங்கையோட என்னத்தைக் காட்டப்போறாய்?"

"வைச்சிருங்கோ. சோர்ட் உங்கட கம்பனியின்ர இல்லை அண்ணா. வந்திருக்கிற எல்லாற்ற போனிலயும் கிடக்கு. ஆளாளுக்குத் தங்கட இலக்கத்தை அடிச்சுப் பாக்கட்டும்."

"உன்னைக் கதைக்க விடுறது ஆர்?" என்றார் சின்னராசா. "சபைக்குத் தலைவர் நான்."

"செயலாளரிட்டக் காலமையே சொல்லிப்போட்டன், நான் கதைக்கப்போறன் எண்டு. ரஜிதா அக்காட்டயும் சொல்லிப்போட்டன். அவா ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறா. நீங்கள் மன்னிப்புக் கேக்காட்டி விடுங்கோ ஐயா. கேக்கவேண்டிய ஆள் ஆர் எண்டு சனம் தெரிஞ்சுகொள்ளட்டும்."

"எடியே, அப்ப வேலை?" என்று சாரங்கா மெல்லக் கேட்டாள்.

"அது இவர் சொன்னவுடன முடிஞ்சுது," என்று சின்னராசாவைத் தாடையால் காட்டினாள் நிரோஜா. "எங்களை உதுகள் எண்டார், கேக்கேல்லையோ?"

அதற்குமேல் அங்கே அவளுக்கு அலுவல் இருக்கவில்லை. படியில் இறங்கும்போது கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அப்பா. விரல் திரைக்கு மேலே சற்றுத் தயங்கியது. பிறகு அடிக்கட்டும் என்று திரும்பப் பைக்குள் போட்டாள்.

கீழே ஹார்ட்வெயார் கடை வாசலில் வெய்யில் கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ மேலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் ஸ்கூட்டரின் சூடேறிய இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கூட்டம் நடக்கவிருந்த பொதுமண்டபத்துப் பக்கமாகத் திருப்பினாள்.