தண்ணீர் தள்ளாது

படித்தவர்களுக்குப் பயந்து இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடுவதாக இல்லை. என் பெயர் தாவீது. மறைமலைநகரில் கார்களுக்கு பம்பர் செய்கிற ஒரு கம்பெனியில் தீயணைப்பு ஆளாக இருந்தேன். எட்டு வருஷம் கான்ட்ராக்ட். பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பிப் போனால் புது நம்பர், புது அட்டை, புது ஆள். எட்டு தடவை பிறந்திருக்கிறேன், ஒரு தடவைகூட வளர விடவில்லை.

2004 மார்ச்சில் பர்மனென்ட் பட்டியல் தயாரானது. மூன்று பேரில் மூன்றாவது பெயர் என்னுடையது. ஜி.எம். கையெழுத்துதான் பாக்கி. முப்பத்தைந்து வயது முடிந்தவனை எடுக்கமாட்டார்கள். எனக்கு மே மாதம் முடிய இருந்தது. இதை விட்டால் அவ்வளவுதான். நான் சர்ச்சில் முட்டி போட்டேன். என் மனைவி சந்திரம்மா, யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று மாரியம்மனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள்.

மார்ச் நான்கு பாதுகாப்பு தினம். எங்கள் கம்பெனியில் அது ஒரு திருவிழா. கையை நீட்டி உறுதிமொழி, கோலப் போட்டி, வாசகப் போட்டி, ஜெயித்தவர்களுக்கு எவர்சில்வர் டப்பா. கடைசியாகத் தகர டிரம்மில் தீ மூட்டி, தண்ணீர் அடித்து அணைத்துக் காட்ட வேண்டும். குழாய் முனையிலுள்ள பித்தளை நாசிலை ஒருவன் பிடிப்பான். அவன் முதுகுக்குத் தோள் கொடுத்து இன்னொருவன் நிற்பான். தண்ணீர் எவ்வளவு வேகமாக முன்னால் பாய்கிறதோ அவ்வளவு வேகமாக நாசில் பின்னால் உதைக்கும். இதை எனக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை. முதல் வருஷமே விலா எலும்பு சொல்லித் தந்தது.

அந்த வருஷம் நாசிலைத் தானே பிடிக்கப்போவதாக சேஃப்டி மேனேஜர் வாசுதேவன் அறிவித்தார். கம்பெனிப் பத்திரிகையின் அட்டையில் படம் வர வேண்டுமாம். ஒத்திகையில் அழகாகப் பிடித்தார். பிடிக்க மாட்டாரா பின்னே? ஒத்திகையில் டீசலை மிச்சப்படுத்த நாங்கள் பெரிய பம்பை அணைத்துவிட்டு, சின்ன பம்பில்தான் தண்ணீர் விடுவோம். அதில் ரோஜாச் செடிக்கு ஊற்றலாம்.

"சார், நாளைக்குப் பெரிய பம்பு ஓடும். பின்னால நான் நிக்கறேன்" என்றேன்.

"போட்டோவுல உன் மூஞ்சி எதுக்குப்பா? நான் பி.இ. படிச்சவன். தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். பம்ப் அறையில் இருக்கும் பூபாலன் என் சிநேகிதன். அவன் அன்றைக்கே சொன்னான், "மச்சான், பெர்ய பம்பை ஆட்டோமேட்டிக்ல போட சொல்லிகிறாங்க. வால்வைத் தொறந்தா தானா எட்த்துக்கும். உங்க மேனேஜரு பறக்கப் போறாரு பாரு."

பறந்தார். முதல் ஐந்து விநாடி சின்ன பம்ப். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆறாவது விநாடி பெரிய பம்ப் எடுத்ததும், சிரிப்பை மாற்ற நேரமில்லாமல் அப்படியே பின்னால் போய் உட்கார்ந்தார். கையை விட்டு நழுவிய நாசில் துள்ளித் துள்ளி ஆடியது. பந்தல், கோலம், சிறப்பு விருந்தினரின் சந்தன மாலை, ஜி.எம்.மின் சட்டை என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லாவற்றையும் நனைத்தது. எரிந்துகொண்டிருந்த டிரம்மின் மேல் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. நான்தான் பாய்ந்து குழாய் மேல் படுத்து அதை அமுக்கினேன்.

திங்கட்கிழமை விசாரணை. ஜி.எம். தலைமை. எழுதிக்கொள்ள எச்.ஆரிலிருந்து சியாமளா மேடம். வாசுதேவன் எழுந்து தன் வாக்குமூலத்தைப் படித்தார். "தண்ணீர் முன்னால் சென்றது. ஆனால் நான் பின்னால் விழுந்தேன். தண்ணீரின் விசை முன்னோக்கி என்பதால் நானும் முன்னால்தான் போயிருக்க வேண்டும். ஆகவே யாரோ பின்னாலிருந்து குழாயை இழுத்திருக்கிறார்கள். பின்னால் நின்றவர் தாவீது."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. அடப்பாவி, தள்ளி நில் என்று சொன்னதே நீதானே!

"சார், மகாபலிபுரத்துல போய் படகுலேர்ந்து கரைக்குக் குதிச்சிப் பாருங்க. நீங்க முன்னால வந்தா படகு பின்னால போவும். அதே கதைதான் சார் இதுவும். யாரும் இழுக்கல, தண்ணிதான் தள்ளிச்சி."

"இது பம்பர் கம்பெனி. படகுக் கம்பெனி இல்ல" என்றார் ஜி.எம்.

"எட்டாங்கிளாஸ் படிச்சவன் எனக்குப் பௌதிகம் சொல்லித் தர்றான் சார்" என்று வாசுதேவன் சிரித்தார்.

"அப்ப ஒரு தடவை புடிச்சிப் பாக்க சொல்லுங்க சார். பெரிய பம்புல" என்றேன். வாசுதேவன் உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். ஜி.எம். எழுந்தார். "நானே பிடிக்கிறேன். ஆனா நீ பத்தடி தள்ளி நிக்கணும்."

எல்லோரும் வெளியே வந்தோம். ஜி.எம்.முக்கு ஐம்பத்தேழு வயது, ஒரு முட்டியில் ஆபரேஷன் ஆனவர். அவர் நின்ற இடத்துக்குப் பின்னால் நாலடியில் சிமென்ட் தொட்டியின் விளிம்பு. விழுந்தால் மண்டை நேராக அதில்தான். நான் அதையும் பார்த்தேன், பட்டியலில் இருக்கும் என் பெயரையும் நினைத்தேன். விழட்டும் என்றே நினைத்தேன், பொய் சொல்லவில்லை. இவர் ஒரு தடவை விழுந்தால் என் பெயர் நிற்கும்.

பெரிய பம்ப் உறுமியது. ஜி.எம்.மின் குதிகால் மண்ணைவிட்டுக் கிளம்பியது. எப்போது ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. என் தோள் அவர் முதுகில் இருந்தது. என் பூட்ஸ் இரண்டும் சேற்றைக் கீறிக்கொண்டு ஒரு சாண் பின்னால் வழுக்கி நின்றன. உதை முழுக்க அவர் வழியாக என் எலும்புக்கு வந்தது. அரை நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். வால்வை மூடினார்கள்.

ஜி.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கப்பா தள்ளுது? ஒண்ணுமே தெரியலையே."

"நான் பின்னால தாங்கினேன் சார்."

"தாங்கினியா? நீ அவ்வளவு பலமா தள்ளியிருந்தா நான் முன்னால போயிருக்கணும். போனேனா?"

"இல்ல சார்."

"தண்ணி தள்ளியிருந்தா பின்னால போயிருக்கணும். போனேனா?"

"இல்ல சார், ஆனா..."

"அப்ப தண்ணியும் தள்ளல, நீயும் தாங்கல."

"பிரமாதம் சார்" என்றார் வாசுதேவன்.

சியாமளா மேடம் சேற்றில் என் பூட்ஸ் கிழித்த இரண்டு கோடுகளையும் பார்த்தார். பேனா கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் எழுதியது. 'குழாயில் பின்னோக்கிய விசை எதுவும் காணப்படவில்லை. தாவீதின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.' படித்துக் காட்டிவிட்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஈரக் கையால் போட்டதில் கையெழுத்து சரியாக வரவில்லை. அதற்கும் ஒரு தடவை திட்டினார்கள்.

வீட்டில் சந்திரம்மா எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"வுட்ருக்கலாம் இல்ல? உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?"

"மண்டை பொளந்திருக்கும்டி. கண்ணு முன்னால எப்படி வுடறது?"

"அந்தாளுக்கு ஒண்ணுமே தெரியலன்னாரா?"

"ஒண்ணுமே தெரியலன்றாரு."

சட்டையைக் கழற்றச் சொன்னாள். தோள்பட்டை நாவல்பழம் மாதிரி கறுத்து வீங்கிக் கிடந்தது. நல்லெண்ணெயைச் சுட வைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்டித் தெரியும் அவருக்கு? எல்லா உதையும் இங்கதான கீது" என்று சொல்லி, இருந்த கோபத்தையெல்லாம் கட்டை விரலில் வைத்து அழுத்தினாள். நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.