கப்ரின் முன்னால் இரண்டு மத்ஹபு

புகாரி லெப்பை காயல்பட்டினத்துக்காரர், மார்க்கச் சட்டத்தில் ஷாஃபி மத்ஹபு என்னும் பிரிவு. கனி ராவுத்தர் உத்தமபாளையத்துக்காரர், ஹனஃபி. பெங்களூர் சிவாஜிநகரில் எதிரெதிரே கடை வைத்து, முப்பது வருடமாக மார்க்கச் சட்டம் பேசிச் சண்டை போட்டவர்கள். நண்டு தின்னலாமா கூடாதா என்பதிலேயே ஒரு நோன்பு மாதத்தை ஓட்டியிருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து இருவரையும் உசுப்பிவிட்டுச் சிரிப்பவர் சிக்கந்தர். தொண்ணூற்றெட்டு ஜூலையில் அந்தச் சிக்கந்தர் போய்ச் சேர்ந்தார்.

சேதி வந்தபோது லெப்பை ஊரில் இருந்தார். உடனே பஸ் ஏறினார். பெங்களூரை நெருங்கும்போது சந்தாபுராவில் டயர் வெடித்தது. அவர் வந்து இறங்குவதற்குள், சிக்கந்தரின் மூத்த மகனே முன்னின்று, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை நடத்தி, அடக்கமும் முடிந்திருந்தது.

மறுநாள் காலை ராவுத்தர் அவரை அடக்கம் நடந்த மையவாடிக்கு அழைத்துப்போய், ஈரம் காயாத ஒரு கப்ரின் மண்மேட்டைக் காட்டினார். லெப்பை செருப்பைக் கழற்றிவிட்டு, மக்கா இருக்கும் கிப்லா திசை பார்த்து நின்றார்.

"என்ன லெப்பை, என்ன பண்றீங்க?"

"ஜனாஸா தொழப்போறேன்."

"அதான் நேத்தே தொழுதாச்சே! வாரிசே தொழவெச்சிட்டா அப்புறம் திருப்பித் தொழக்கூடாது. துஆ கேளுங்க, போலாம்."

"உமக்குக் கூடாது, ஓய். எனக்குக் கூடும். பள்ளிவாசல் கூட்டிப் பெருக்குன அம்மாவுக்கு, அடக்கம் முடிஞ்சப்புறம் நபிகள் கப்ருலயே போய்த் தொழலையா?"

"அது நபிகளுக்கு!"

"பின்னால தோழர்கள், சஹாபாக்களும்தான் நின்னாங்க. அவங்கள வீட்டுக்குப் போன்னா நபிகள் சொன்னாங்க?"

குரல் ஏறியது. பக்கத்துப் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் மையவாடி வாசலுக்கே வந்துவிட்டார். இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டார்.

"லெப்பை, உங்க மத்ஹபுல கூடும், தொழுங்க. ராவுத்தர், உங்க மத்ஹபுல இல்ல, நீங்க தொழ வேண்டாம். ஆனா தொழுறவரைத் தடுக்கணும்னு எந்த மத்ஹபுலயும் இல்ல."

ராவுத்தர் ஒதுங்கி நின்றார். லெப்பை நாலு முறை 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொல்லித் தொழுது முடித்தார். ஸலாம் கொடுக்கும்போது குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், குழி வெட்டும் பாபு மண்வெட்டியோடு நின்றிருந்தான்.

"அண்ணா, சிக்கந்தர் பாய் கபர் அந்த வேப்பமரத்து கீழே. இது ஃப்ரேசர் டவுன்லேர்ந்து வந்த ஒரு அம்மாவோடது. நேத்து சாயங்காலம்தான் வெச்சோம்."

லெப்பை மெதுவாக ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் வானத்தைப் பார்த்தார்.

"கூட்டத்துல சரியாத் தெரியல, லெப்பை."

"சட்டம் மட்டும் நல்லாத் தெரிஞ்சுது!"

அடக்க முடியாமல் முதலில் சிரித்தது ராவுத்தர்தான். லெப்பைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிக்கந்தர் இருந்திருந்தால் தரையில் புரண்டிருப்பார் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. இருவரும் வேப்பமரத்தடியைப் பார்த்தார்கள்.

"சிக்கந்தருக்குன்னு மனசுல நெனச்சுத்தானே நிய்யத் வெச்சீங்க, இந்த அம்மாவுக்கு அது சேருமா?" என்று ராவுத்தர் தயங்கிக் கேட்டார்.

"சேராதுன்னுதான் நெனக்கேன். இவங்களுக்குன்னே தனியாத் தொழுதுடறேன். அப்புறம் அங்க போவோம்."

லெப்பை மறுபடி கை கட்டியபோது தூறல் ஆரம்பித்தது. ராவுத்தர் குடையை விரித்து அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றார்.

"நீங்க தொழலையா?" என்றான் பாபு.

"எனக்குக் கூடாதுப்பா," என்றார் ராவுத்தர் கிசுகிசுப்பாக. "குடை பிடிக்கலாம்."