நாம இல்லை, நாங்க

எங்கள் வழிபாட்டு மண்டபத்தை மூடச்சொல்லி நகராட்சி நோட்டீஸ் ஒட்டியபோது, மனு எழுத யாரும் ஆள் தேடி அலையவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மூன்று வாரம் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். 'நாங்கள் எங்கள் நம்பிக்கைப்படி வழிபடுவோம். எங்கள் வழக்கத்தில் வெளியார் தலையிடக் கூடாது.' நகராட்சி ஏற்றுக்கொண்டது. மண்டபம் பிழைத்தது. செயலாளரான சித்தப்பா, "நம்ம வக்கீலும்மா நீ" என்று என் தலையில் கை வைத்தார்.

அடுத்த மாதம் நிர்வாகக் குழுத் தேர்தல். வாக்காளர் பட்டியலில் நானும் இல்லை, இருபது வருடமாக அந்தத் தரையைத் துடைக்கும் அம்மாவும் இல்லை.

"பொம்பளைங்க ஓட்டுப் போடுற வழக்கம் இல்லம்மா" என்றார் சித்தப்பா.

"மாத்தலாமே."

"வழக்கத்துல தலையிடக் கூடாதுன்னு நீதானே எழுதின? அழகா வேற எழுதியிருந்த."

"அது வெளியாளுக்கு. நான் வெளியாளா?"

"அப்படிச் சொல்லல. நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்."

நாம இல்லை. நாங்க. பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லும் சொல்தான். அன்றைக்குத்தான் செவிட்டில் அறைந்தது. நான் எழுதிய 'நாங்கள்' என்பதில் நானும் இருப்பதாக நினைத்திருந்தேன், மடச்சி.

சமத்துவ ஆணையத்தில் புகார் கொடுத்தேன். விளக்கம் கேட்டு மண்டபத்துக்குக் கடிதம் வந்தது. துணைத்தலைவரான அப்பா அதை வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"பதில் எழுதிக் குடும்மா."

"என் புகாருக்கு நானே பதிலாப்பா?"

"வீட்ல நீதானே படிச்சவ."

அவர் சிரிக்கக்கூட இல்லை.

எழுதினேன். பழைய வரியேதான். முன்னால் ஒரு சொல் மட்டும் கூடுதல்: 'ஆண்களாகிய நாங்கள்.'

அப்பா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது சொல்லிக்கொடுத்தது, இதே மேசையில். விரல் அந்தச் சொல்லில் நின்றது.

"இது எதுக்கு?"

"பொய்யா?"

"பொய்யில்ல. பாக்க நல்லா இல்ல."

"என் பேரையும் அம்மா பேரையும் பட்டியல்ல சேருங்க. நானே எடுத்துடுறேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பேனாவை எடுத்தார். அந்த ஒரு சொல்லை மட்டும் நிதானமாக அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். நான் கைபிடித்துப் பழக்கிய கையெழுத்து. ஒரு சுழிகூடத் தப்பவில்லை.