டாருவிங்காவின் கடைசி ட்ரிப்

லாரி மறுபடியும் நின்றபோது, சவப்பெட்டிமேல் கை வைத்து உட்கார்ந்திருந்த மைதேய்க்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

டிரைவருக்குப் பக்கத்திலிருந்து கும்போ இறங்கினான். செத்துப்போன அவள் புருஷனின் தொப்பி, அவள் புருஷனின் காக்கிச் சட்டை, அவள் புருஷனின் வாத்து நடை. அந்த வீட்டுக்கு அவன் சஹ்விரா. சாவு விழுந்தால் செத்தவரின் உடுப்பை மாட்டிக்கொண்டு, அவராகவே நடித்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்கும் பரம்பரை உரிமைக்காரன். அன்றைக்கு அவன் சொன்னதுதான் சட்டம்.

சாலையோரம் மாவு மூட்டையோடு நின்ற கிழவரைக் கைகொடுத்து ஏற்றினான். "பெட்டிக்காரன் கோவிச்சுக்க மாட்டான், ஏறுங்க பெரியவரே."

அவள் புருஷன் டாருவிங்கா, கிராமத்து பஸ் ஓட்டியவன். அவன் பஸ் நேரத்துக்கு வந்ததாக அந்த ஜில்லாவில் ஆடு மாடுகூடச் சாட்சி சொல்லாது. வழியில் நிற்கிறவரை விட்டுவிட்டுப் போக அவனுக்கு வராது. ஒருமுறை யாரோ பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன கோழியை வீட்டில் வைத்து வளர்த்தான். சொந்தக்காரியைத் தேடிப்பிடித்து ஒப்படைத்தபோது அது ஒரு கோழிப்பண்ணையாகியிருந்தது. ஒரு குஞ்சைக்கூட மைதேய் குழம்பு வைக்க விடவில்லை.

சூரியன் மலைக்குப் பின்னே இறங்கிவிட்டால் அவன் ஊரில் குழிக்கு மண் தள்ளமாட்டார்கள். முத்தாரே டவுனிலிருந்து லாரி கிளம்புமுன் அவன் அண்ணன் மவுரா போனில் சொன்னார்: "செத்தாலும் அவன் நேரத்துக்கு வரப்போறதில்ல." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தது அவளுக்குக் கேட்டது. இந்த ஒரு நாளாவது அவனை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதென்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறியிருந்தாள்.

"அண்ணே, சூரியனைப் பாருங்க."

"கட்டின புருஷனை அண்ணேங்கிற," என்றான் கும்போ. "ஆள் நிக்கையில தாண்டிப் போக என் காலுக்குத் தெரியுமா? நீயே சொல்லு புள்ள."

அச்சு அசல் டாருவிங்காவின் குரல். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்புறம் இரண்டு கன்னியாஸ்திரிகள் ஏறினார்கள். ஆட்டோடு ஒருத்தி ஏறினாள். தோற்றுப்போய் நடந்து வந்த ஒரு கால்பந்துக் கோஷ்டி மொத்தமும் ஏறியது. மூச்சு விடுவதற்கே முறை வைக்கவேண்டியிருந்தது.

ஊருக்கு முந்திய மணலாற்றில் சக்கரம் அச்சுவரை புதைந்தது. சூரியன் மலை முதுகில் உட்கார்ந்துவிட்டது. மைதேய் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கைக்குக் கீழே பெட்டி அசைந்தது.

கால்பந்துப் பையன்கள் அதைத் தோளில் ஏற்றியிருந்தார்கள். கன்னியாஸ்திரிகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாட்டெடுத்தார்கள். கிழவர் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். எல்லாருக்கும் முன்னே ஆடு ஓடியது. பெட்டி நடந்ததா பறந்ததா என்று இன்றுவரை அந்த ஊரில் தகராறு. உயிரோடிருந்தபோது டாருவிங்கா அந்த மேட்டை அவ்வளவு வேகமாக ஏறியதே இல்லை.

குழியருகே கடிகாரமும் கையுமாக நின்ற மவுராவின் வாய் திறந்தபடி இருந்தது.

"யாரும்மா இவங்கல்லாம்?"

"தெரியாதுங்க," என்றாள் மைதேய், மூச்சு வாங்க. "வழியில நின்னாங்க."

கடைசி மண் விழுந்தபோது ஆரஞ்சுச் சுளையளவு சூரியன் மிச்சமிருந்தது. மவுரா கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சடங்கெல்லாம் முடிந்து, மணலிலிருந்து இழுத்தெடுத்த அதே லாரியில் திரும்பினார்கள். சொந்தச் சட்டைக்கு மாறிய கும்போ, உரிமை தீர்ந்த சாதாரண மனிதனாக, மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தொலைவில் சாலையோரம் ஒருத்தி குழந்தையோடு நின்றிருந்தாள். டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

மைதேய் மடியிலிருந்த புருஷனின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். எழுந்து, டிரைவரின் தலைக்கு மேலிருந்த தகரக் கூரையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.