டாக்டர் சீட்டில் வெள்ளை பிரெட்

அகமது கபீருக்கு ஐம்பத்தாறு வயது முடிந்ததும், குடலுக்குள் கேமரா விட்டு ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார் டாக்டர் முத்துக்குமரன். பயப்பட ஒன்றுமில்லை, இந்த வயதில் எல்லோரும் பார்த்துக்கொள்வதுதான் என்றும் சொன்னார். கபீர் எதற்கும் பயந்து வைப்போம் என்றுதான் இருந்தார். ஆனால் டாக்டர் நீட்டிய பத்தியச் சீட்டைப் படித்ததும் பயம் போன இடம் தெரியவில்லை.

சோதனைக்கு முந்தைய மூன்று நாளும் கீரை கூடாது. பயறு கூடாது. விதை, தோல், நார் எதுவும் கூடாது. சிறுதானியம் அறவே கூடாது. சேர்க்கலாம் என்ற பக்கத்தில் வெள்ளைச் சோறு இருந்தது, முட்டை இருந்தது. அதற்கும் கீழே, கபீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார், வெள்ளை பிரெட் இருந்தது.

இதற்குப் போய் இவ்வளவு அமர்க்களமா என்று கேட்பவர்களுக்கு அவர் மனைவி ஹஸீனாவைத் தெரியாது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஹஸீனா செல்போனில் யாரோ ஒரு வைத்தியர் பேசியதைக் கேட்டார். அன்றே ராஜபாளையத்தில் அவர்கள் வீட்டிலிருந்து மைதா நாடு கடத்தப்பட்டது. காலையில் வரகு, மத்தியானம் குதிரைவாலி, ராத்திரி கேழ்வரகு. பெருநாளைக்குச் சாமை பிரியாணி. அந்தப் பிரியாணியைச் சாப்பிட்ட மருமகன் அடுத்த பெருநாளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டான். தெருப் பெண்களின் வாட்ஸப் குரூப்பில் தினமும் காலையில் ஹஸீனாவின் குரல் வரும்: "மைதாங்கிறது பசை. செவுத்துல போஸ்டர் ஒட்டலாம், வயித்துல ஒட்டக் கூடாது!"

கபீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். விதியைப் பாருங்கள், கடைக்கு நேர் எதிரே மாரிசாமியின் பேக்கரி. சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே பிரெட் வெந்து இறங்கும்போது இவர் கையில் காயில் சுற்று தப்பும். திருட்டுத்தனமாக வாங்கித் தின்னவும் வழியில்லை. மாரிசாமியின் மனைவி அந்த வாட்ஸப் குரூப்பில்தான் இருந்தார்.

அப்படிப்பட்ட மனுஷர் கையில் டாக்டரே கையெழுத்துப் போட்ட சீட்டு கிடைத்தால் சும்மா இருப்பாரா? வீட்டுக்கு வந்து அதைச் சத்தமாக வாசித்தார். வெள்ளை பிரெட் என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தார். ஹஸீனா சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்த டாக்டரு ஒழுங்காப் படிச்சவுகதானா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்லயே பெரிய டாக்டர். நான் வேணாம்னுதான் சொன்னேன். தின்னே ஆகணும்ங்காரு. என்ன செய்யச் சொல்லுத?"

இந்தப் பொய்யைச் சொல்லும்போது கபீர் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டார்.

புதன்கிழமை காலையில் ஹஸீனா தோசைக்கல்லைப் போட்டார். இரண்டு முட்டையை உப்பு மட்டும் போட்டு அடித்தார். வெங்காயம் கூடாது, மிளகாய் கூடாது. இரண்டு துண்டு பிரெட்டை நெய்யில் முறுகவிட்டு, நடுவில் ஆம்லெட்டை மடித்து வைத்துத் தட்டில் போட்டார். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கபீர் ஓரத்தில் ஒரு கடி கடித்தார். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, அதற்கும் உள்ளே சூடான முட்டை. வேறொன்றுமில்லை. அந்த வேறொன்றுமில்லாததுதான் நான்கு வருடமாக அவர் ஏங்கிக் கிடந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கபீர் தங்கமான மனிதர்தான். ஆனால் அந்த மூன்று நாளும் கொஞ்சம் அதிகமாகவே ஆடிவிட்டார். மத்தியானத்துக்கும் அதையே டப்பாவில் கட்டி வாங்கிப் போய், கடை வாசலில் நாற்காலி போட்டு, பேக்கரியைப் பார்த்து உட்கார்ந்து தின்றார். தெருவில் போகிறவர்கள் என்ன பாய் என்று கேட்டால், "மருந்துப்பா" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி பிரெட். அதற்கு மேல் நீராகாரம் மட்டும் என்று சீட்டில் அச்சடித்திருந்தது. கபீருக்கு மனசு விட்டுப்போயிற்று. சோதனை முடிந்தால் சீட்டு செல்லாது, ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரகு. இன்னும் ஒரே ஒரு பிரெட்டுக்கு வழியிருந்தால் குடலை இன்னொரு தரம்கூடக் காட்டுவார். சாயங்காலம் ஹஸீனா சொம்பு நிறைய நீராகாரம் கொண்டுவந்து வைத்தார். முந்தின ராத்திரியே சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்தது. கொஞ்சம் பருக்கையும் பிசைந்து விட்டிருந்தார். தொட்டுக்கொள்ள நாலு சின்ன வெங்காயம். கபீர் துக்கத்தோடு இரண்டு சொம்பு குடித்தார்.

சனிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில், வயிற்றைக் கழுவும் மருந்தைக் கொடுக்கும் முன்னால் நர்ஸ் சத்யப்பிரியா கேட்டார்:

"நேத்து மத்தியானத்துக்குப் பொறவு என்ன சாப்பிட்டீங்க?"

"நீராகாரம்தாம்மா. ரெண்டு சொம்பு."

"தண்ணியா, இளநியா?"

"நீராகாரம்மா. பழைய சோத்துத் தண்ணி. கொஞ்சூண்டு பருக்கையும் கெடந்துச்சு. கடிச்சுக்கிட வெங்காயம்."

சத்யப்பிரியா பேனாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போனார். டாக்டர் வெளியே வந்தார்.

"பாய், நீர் ஆகாரம்னா தண்ணியா இருக்கிற ஆகாரம். இளநி, வடிகட்டுன சூப்பு. பழைய சோறு குடிக்க யாரு சொன்னா?"

"நீங்கதான் டாக்டர். நீராகாரம்னு ஒண்ணாச் சேத்துல்ல அடிச்சிருக்கு!"

டாக்டர் சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அச்சடித்தவரை மனசுக்குள் என்னவோ சொன்னார் என்று தெரிந்தது.

"சரி, இன்னைக்கு முடியாது. புதன்கிழமை வாங்க. பத்தியம் மொதல்லருந்து."

"மொதல்லருந்துன்னா?"

"நாளையிலருந்து மூணு நாள். அதே வெள்ளைச் சோறு, முட்டை, பிரெட்டு."

கபீர் சட்டென்று குனிந்து செருப்பைச் சரி செய்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. டாக்டர் போனதும் சத்யப்பிரியா ஹஸீனா பக்கம் திரும்பினார்.

"ஏக்கா, முந்தாநாள் சாயங்காலம் நீங்கதான போன் பண்ணிக் கேட்டீங்க, நீராகாரம்னா பழைய சோத்துத் தண்ணியான்னு? இல்லக்கா, இளநி, தண்ணி மட்டும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

கபீர் நிமிர்ந்தார். ஹஸீனா சுவரில் மாட்டியிருந்த பெருங்குடல் படத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் மடவார்வளாகம் தாண்டுகிறவரை கபீர் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏட்டி, தெரிஞ்சேதான் ஊத்துனியா?"

"மெல்லப் பேசுங்க. முன்சீட்டுல நம்ம தெருக் கல்பனா இருக்கு." ஹஸீனா குரலைத் தாழ்த்தினார். "நானா பிரெட்டு குடுத்தா குரூப்புல மூஞ்சிய எங்க கொண்டு வைக்க? டாக்டர் சொன்னா அது வேற."

கபீர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாகத் தன் மனைவியைத் தெரியும் என்று நினைத்திருந்தார்.

"அதுக்கு எதுக்கு இம்புட்டு வேலை?"

"நீங்க கண்ண மூடிக்கிட்டுத் தின்னீங்க. நான் ஓரக்கண்ணால பாத்தேன். நாலு வருசமா விதவிதமா ஆக்கிப் போடுதேன், ஒரு நாளாச்சும் அப்படிக் கண்ண மூடித் தின்னுருக்கீகளா?"

வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். கபீருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"தெனமும் மூடித்தான் தின்னேன் ஹஸீனா. ஆனா அது வேற மூடல்."

ஹஸீனா அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். கபீர் போட்ட சத்தத்தில் கல்பனா திரும்பிப் பார்த்து, "என்னக்கா, பாய்க்கு என்ன?" என்றார்.

ஹஸீனா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். சிரிப்பையும் சேர்த்துத்தான்.

"டாக்டரு பத்தியத்த நீட்டிட்டாரு கல்பனா. இன்னும் மூணு நாளைக்கு வெறும் மைதாதான். பாவம், மனுசன் எம்புட்டுத்தான் தாங்குவாக?"